பதிவேடுகளுக்கு வெளியே ஓர் அணி: சிறு கல்லூரியின் கூடைப்பந்து வரலாறு வகுப்பறைக்கு வந்தபோது

ஆறாம் வகுப்பு சமூக அறிவியலில் முதல் வரலாற்றுப் பாடத்தின் பெயரே ‘வரலாறு என்றால் என்ன?’ என்பதுதான். சான்றுகளைச் சொல்லுங்கள் என்றால் பிள்ளைகள் கல்வெட்டு, செப்பேடு, நாணயம், இலக்கியம் என்று மூச்சுவிடாமல் ஒப்பித்துவிடுவார்கள். ஒன்பதாம் வகுப்புக்கு வரும்போதும் அதே பட்டியல்தான். ஆனால் ஒரு சான்றைக் கையில் கொடுத்து, ‘இது எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை?’ என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். சோழர் கல்வெட்டை வைத்து இந்தக் கேள்வியைப் பழக்குவது கடினம். எழுத்தே பிடிபடாது, காலமும் வெகு தொலைவு. எனவே மாணவர்களுக்கு எளிதில் பிடிபடுகிற ஒன்றை எடுத்துக்கொண்டேன்: ஒரு விளையாட்டு அணியின் வரலாறு.

நான் எடுத்துக்கொண்டது அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், பிலடெல்பியா நகருக்கு மேற்கே இருக்கும் இமாகுலாட்டா என்ற சிறிய கல்லூரி. கத்தோலிக்கக் கன்னியர் 1920இல் தொடங்கிய பெண்கள் கல்லூரி அது. 1972, 1973, 1974 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் அமெரிக்கப் பெண்கள் கல்லூரிக் கூடைப்பந்தில் தேசிய வாகையர் இந்தக் கல்லூரியின் அணியினர்தான். அமெரிக்காவிலேயே பலருக்கு இந்த அணியைத் தெரியாது. தெரியாமல் போனதற்குத் தெளிவான காரணங்கள் உண்டு. அந்தக் காரணங்களில்தான் நமக்கு வேண்டிய வரலாற்றுப் பாடம் இருக்கிறது.

நம் ஊர் அணியை விட்டுவிட்டு ஏன் அங்கே போக வேண்டும் என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. நம் ஊருக்கு வருவதற்காகத்தான் அங்கே போகிறேன். தனக்கு வேண்டிய அணியைப் பற்றிப் பேசும்போது பிள்ளைகள் கட்சி கட்டிவிடுவார்கள். வேற்றூர் அணி என்றால் சான்றைச் சான்றாகப் பார்க்கும் பொறுமை வருகிறது.

மைதானத்தில் போட்ட இரண்டு கோடுகள்

கூடைப்பந்து, கண்டுபிடித்தவர் யார் என்று பெயர் சொல்லக்கூடிய அரிய விளையாட்டுகளில் ஒன்று. 1891 டிசம்பரில், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் பீச் பழக்கூடைகளை மாட்டி இதைத் தொடங்கினார். குளிர்காலத்தில் கூடத்துக்குள் மாணவர்களை விளையாடவைக்க வேண்டும் என்பதே அவருடைய தேவை. உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் தன் வகுப்பின் சிக்கலைத் தீர்க்கச் செய்த ஏற்பாடு உலக விளையாட்டாகிவிட்டது என்பதை நம் உடற்கல்வி ஆசிரியர்கள் கொஞ்சம் பெருமையோடு சொல்லிக்கொள்ளலாம்.

அடுத்த ஆண்டே, பக்கத்து ஊரான நார்த்தாம்ப்டனில் உள்ள ஸ்மித் பெண்கள் கல்லூரியின் உடற்கல்வி ஆசிரியை சென்டா பெரன்சன் இந்த விளையாட்டைத் தம் மாணவியருக்குக் கொண்டுவந்தார். விதிகளை மாற்றினார். ஆடுகளத்தின் குறுக்கே இரண்டு கோடுகள் போட்டு மூன்று பகுதிகளாகப் பிரித்தார். ஒரு பகுதியில் நிற்பவள் அடுத்த பகுதிக்குள் போகக் கூடாது. எதிராளியின் கையிலிருந்து பந்தைப் பறிக்கக் கூடாது. மூன்று நொடிக்கு மேல் பந்தை வைத்திருக்கக் கூடாது. மூன்று முறைக்கு மேல் தரையில் தட்டக் கூடாது. 1893 மார்ச்சில் அங்கே மாணவியருக்குள் நடந்த ஆட்டத்தைப் பார்க்க ஆண்களுக்கு அனுமதி இல்லை.

பெண் உடல் அதிக ஓட்டத்தைத் தாங்காது, மனம் அதிகப் போட்டியைத் தாங்காது என்பது அன்றைய கருத்து. பெரன்சன் அதற்கு இடம்கொடுத்து விதிகளை மாற்றினார். அப்படி மாற்றியதால்தான் பெண்கள் விளையாடவே முடிந்தது. அவரைப் பழமைவாதி என்று மாணவர்கள் சீக்கிரம் முடிவு கட்டிவிடுவார்கள். ‘அந்தக் கோடுகள் இல்லாவிட்டால் 1892இல் அந்தப் பெண்களை விளையாட விட்டிருப்பார்களா?’ என்று ஒரு கேள்வியைப் போட்டுவிட்டுக் காத்திருங்கள். விவாதம் தானே நடக்கும்.

கோடுகள் கூடிக் குறைந்து, உருமாறி, வெகுகாலம் இருந்தன. பெண்கள் கல்லூரிக் கூடைப்பந்தில் அணிக்கு ஐந்து பேர், முழு ஆடுகளம் என்ற முறை 1971இல்தான் உறுதியானது. அயோவா மாநிலப் பள்ளிகளில் ஆறு பேர் ஆடும் பழைய முறை 1993 வரை நீடித்தது. ‘அந்தக் காலம்’ என்று நாம் தள்ளிவைக்கும் பல செய்திகள் நம் வயதுக்காரர்களின் காலம்தான்.

450 டாலரும் பல் துலக்கும் பிரஷ்ஷும்

1970இல் கேத்தி ரஷ் என்ற இளம்பெண் இமாகுலாட்டா அணியின் பயிற்றுநராகச் சேர்ந்தார். வயது இருபதுகளின் தொடக்கம். சம்பளம் ஆண்டுக்கு 450 டாலர். கல்லூரியின் விளையாட்டுக் கூடம் 1967இல் தீக்கிரையாகியிருந்தது. கன்னியர் மடத்தின் அடித்தளக் கூடத்தில் பயிற்சி. ஆட்டங்களுக்கு அடுத்தவர் களம். சீருடை, கம்பளித் துணியில் தைத்த பாவாடை போன்ற அங்கி. வியர்வையில் அது எப்படிக் கனத்திருக்கும் என்பதைப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

பெண்கள் கல்லூரி அணிகளுக்குத் தேசியப் போட்டி என்ற ஒன்றே அப்போது புதிது. இமாகுலாட்டாவுக்குப் பக்கத்து ஊரில் இருந்தது வெஸ்ட் செஸ்டர் அரசுக் கல்லூரி. உடற்கல்வி ஆசிரியர்களை உருவாக்குவதில் பெயர் பெற்ற கல்லூரி. கேத்தி ரஷ் படித்ததும் அங்கேதான். அந்தக் கல்லூரியின் பயிற்றுநர் கரோல் எக்மன் 1969இல் 16 கல்லூரி அணிகளை அழைத்து ஒரு தேசியப் போட்டியை நடத்தினார். அரசோ பெரிய அமைப்போ நடத்தியதன்று. ஓர் ஆசிரியை முன்நின்று நடத்தியது. அது வேரூன்றி, 1972இல் பெண்கள் கல்லூரி விளையாட்டுச் சங்கம் நடத்திய முதல் தேசியப் போட்டியாக வளர்ந்தது. அந்தச் சங்கத்தின் ஆங்கிலப் பெயர்ச்சுருக்கம் ஏ.ஐ.ஏ.டபிள்யூ.

அந்தப் போட்டி இல்லினாய்ஸ் மாநிலத்தில் நடந்தது. போய்வரப் பணம் இல்லை. மாணவியர் பல் துலக்கும் பிரஷ் விற்று நிதி திரட்டினார்கள். திரட்டியதிலும் எட்டுப் பேர் போகத்தான் காணும். மற்றவர்கள் ஊரிலேயே நின்றுவிட்டார்கள். போனவர்களுக்கும் உறுதியான விமானச்சீட்டு கிடையாது. கடைசி நேரத்தில் காலியிடம் இருந்தால் ஏற்றிக்கொள்ளும் சலுகைச் சீட்டுதான். குறுவட்டப் போட்டிக்குப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பேருந்து நிலையத்தில் நின்ற எந்த உடற்கல்வி ஆசிரியருக்கும் இந்தக் கணக்கை விளக்க வேண்டியதில்லை.

70–38, 52–48

இந்த வரலாற்றில் நான் அதிக நேரம் நிற்கும் இடம் இதுதான். தேசியப் போட்டிக்கு முன்பு நடந்த வட்டார இறுதி ஆட்டத்தில் இமாகுலாட்டா, பக்கத்து ஊரான வெஸ்ட் செஸ்டரிடம் 70–38 என்று தோற்றது. 32 புள்ளி வித்தியாசம். அதனால் தேசியப் போட்டியின் 16 அணிகளில் அதற்கு 15ஆவது இடம் கொடுக்கப்பட்டது. அந்த 15ஆம் இட அணி வரிசையாக வென்று இறுதி ஆட்டத்துக்கு வந்தது. எதிரே அதே வெஸ்ட் செஸ்டர். இந்த முறை இமாகுலாட்டா 52–48 என்று வென்றது.

கரும்பலகையில் இந்த இரண்டு எண்களை மட்டும் எழுதுவேன். கீழ்வகுப்பு என்றால் முதலில் கணக்கு: 32 புள்ளி பின்தங்கியவர்கள் நான்கு புள்ளி முந்தினார்கள் என்றால் மொத்த மாற்றம் எவ்வளவு? 36. கழித்தலும் குறை எண்ணும் படிக்கிற பிள்ளைக்கு நல்ல வேலை. மேல்வகுப்புக்கு வேறு கேள்வி: ‘இரண்டு ஆட்டங்களுக்கும் இடையில் என்ன நடந்திருக்கும்?’

விடைகள் அருவி மாதிரி கொட்டும். கடுமையாகப் பயிற்சி செய்தார்கள். வெஸ்ட் செஸ்டர் அலட்சியமாக இருந்தது. அவமானம் தாங்காமல் வெறியோடு ஆடினார்கள். பயிற்றுநர் உத்தியை மாற்றினார். எல்லாவற்றையும் பலகையில் எழுதிக்கொள்வேன். பிறகு ஒவ்வொன்றுக்கும் நேரே, ‘இதை இந்த எண்கள் சொல்கின்றனவா?’ என்று கேட்பேன். ஒன்றைக்கூடச் சொல்லவில்லை. எண்கள் சொல்பவை மூன்றே: யார் வென்றார், எவ்வளவு வித்தியாசம், மொத்தம் எத்தனை புள்ளி. இந்த மூன்றாவதைக் கவனிக்கும் பிள்ளை எப்போதாவதுதான் கிடைக்கும். கிடைத்தால் விடக் கூடாது. முதல் ஆட்டத்தில் இரு அணிகளும் சேர்ந்து 108 புள்ளி, இரண்டாவதில் 100. வெஸ்ட் செஸ்டரின் கணக்கு 70இலிருந்து 48ஆகக் குறைந்தது. இமாகுலாட்டாவின் கணக்கு 38இலிருந்து 52ஆக உயர்ந்தது. இரண்டு மாற்றங்களில் எது பெரியது? இமாகுலாட்டா அதிகம் போட்டதைவிட வெஸ்ட் செஸ்டர் குறைவாகப் போட்டதே பெரிய மாற்றம். ஆகவே கேள்வியைத் தற்காப்பு ஆட்டத்தின் பக்கம் திருப்பலாம். ஆனால் அது கேள்விதான். விடை வேண்டுமென்றால் ஆடியவர்களின் நேர்காணல், அன்றைய நாளிதழ், ஆட்டப் புள்ளிக் குறிப்பு என்று வேறு சான்றுகளுக்குப் போக வேண்டும்.

இப்படி ஒரு பாடவேளை செய்த பிறகு, ‘முதன்மைச் சான்று’, ‘இரண்டாம் நிலைச் சான்று’ என்ற சொற்களைச் சொல்லிப்பாருங்கள். அதற்குள் அவர்களுக்கு அந்தச் சொற்கள் தேவைப்பட்டிருக்கும்.

மற்ற இரண்டு ஆண்டுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1973 இறுதியில் நியூயார்க்கின் குயின்ஸ் கல்லூரியை 59–52 என்றும், 1974 இறுதியில் மிசிசிப்பி கல்லூரியை 68–53 என்றும் இமாகுலாட்டா வென்றது. 1975இல் மேரிலாந்து பல்கலைக்கழகத்துடன் ஆடிய ஆட்டம் நாடு முழுவதும் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான முதல் பெண்கள் கல்லூரிக் கூடைப்பந்து ஆட்டமாயிற்று. அதே ஆண்டு பிப்ரவரி 22இல் நியூயார்க்கின் புகழ்பெற்ற மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் முதன்முறையாகப் பெண்கள் கூடைப்பந்து ஆட்டம் நடந்தது. ஏறத்தாழ 12,000 பேர் பார்த்தார்கள். அங்கேயும் குயின்ஸ் கல்லூரியை இமாகுலாட்டா 65–61 என்று வென்றது. பார்வையாளர் வரிசையில் கன்னியரும் பெற்றோரும் தகர வாளிகளைக் குச்சியால் அடித்து உற்சாகப்படுத்துவது இந்த அணியின் அடையாளமாகவே இருந்தது. வாளியை ஒரு சான்றுப்பொருளாக வகுப்பில் காட்டினால் பிள்ளைகள் மறக்கவே மாட்டார்கள். பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

எரித்த சீருடை

1975இலும் 1976இலும் இமாகுலாட்டா இறுதி ஆட்டம்வரை வந்து தோற்றது. இரண்டு முறையும் வீழ்த்தியது மற்றொரு சிறு ஊர்க் கல்லூரி: மிசிசிப்பி மாநிலத்தின் கிளீவ்லாந்து ஊரில் உள்ள டெல்டா ஸ்டேட். அதன் கதையையும் சேர்த்துச் சொன்னால்தான் பாடம் முழுமையாகும்.

டெல்டா ஸ்டேட் அணியின் பயிற்றுநர் மார்கரெட் வேட். 1930களின் தொடக்கத்தில் அவர் அதே கல்லூரியின் மாணவி, கூடைப்பந்து வீராங்கனை. இளம்பெண்களுக்கு இந்த விளையாட்டு அளவுக்கு மீறிய உழைப்பு என்று சொல்லிக் கல்லூரி அணியையே கலைத்துவிட்டது. அழுதோம், சீருடைகளை எரித்தோம் என்று வேட் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். பிறகு உயர்நிலைப் பள்ளிப் பயிற்றுநராகப் பல ஆண்டுகள் வேலை பார்த்தார். ஏறத்தாழ 40 ஆண்டு கழித்து, 1973இல், அந்தக் கல்லூரி பெண்கள் அணியை மீண்டும் தொடங்கியது. அணியைக் கட்டியெழுப்ப அழைத்தது அறுபது வயதைக் கடந்த அதே வேட்டை. 1975, 1976, 1977 என மூன்று ஆண்டு தேசிய வாகை அவருடைய அணிக்கு வந்தது. அந்த அணியின் நடுநாயகம் லூசியா ஹாரிஸ் என்ற கறுப்பின மாணவி. 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில்தான் பெண்கள் கூடைப்பந்து முதன்முதலில் சேர்க்கப்பட்டது. அதன் முதல் புள்ளியைப் போட்டவர் அவரே.

இங்கே மாணவர்கள் பார்க்க வேண்டியது நடுவிலுள்ள 40 ஆண்டு வெற்றிடம். அந்தக் காலத்து டெல்டா ஸ்டேட் பெண்கள் கூடைப்பந்துக்குப் புள்ளிக் கணக்கு இல்லை, படம் இல்லை, கோப்பை இல்லை. பதிவு இல்லாததால் ஆர்வம் இல்லை என்று முடிவு செய்யலாமா? வேட் ஒருவரின் நினைவு இல்லாவிட்டால் அப்படித்தான் முடிவு செய்திருப்போம். அதே நேரம், சீருடை எரித்த செய்தி ஒருவர் பின்னாளில் சொன்ன நினைவு என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். வாய்மொழிச் சான்றை மதிப்பதும் அதன் வகையைச் சொல்லிவைப்பதும் ஒருங்கே நடக்க வேண்டியவை.

எந்தப் புத்தகத்தில் எழுதுவது?

இவ்வளவு வென்ற அணி ஏன் பரவலாக அறியப்படவில்லை? மாணவர்கள் உடனே சொல்லும் விடை, ‘பெண்கள் அணி என்பதால்’. அதில் உண்மை உண்டு. ஆனால் அதோடு நின்றுவிட்டால் வரலாறு முடிந்துவிடும்.

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் பெரிய அமைப்பு என்.சி.ஏ.ஏ. அது 1906இல் தொடங்கியது. வெகுகாலம் ஆண்கள் போட்டிகளை மட்டுமே நடத்தியது. பெண்களின் போட்டிகளை நடத்தியது நான் முன்பு சொன்ன ஏ.ஐ.ஏ.டபிள்யூ. அதைப் பெரும்பாலும் பெண் உடற்கல்வி ஆசிரியைகளே நிர்வகித்தார்கள். 1982இல் என்.சி.ஏ.ஏ. பெண்கள் கூடைப்பந்துக்குத் தன் சொந்தப் போட்டியைத் தொடங்கியது. பெரிய கல்லூரிகள் அங்கே போயின. சிறிய சங்கம் மூடப்பட்டது. இன்று பெண்கள் கல்லூரிக் கூடைப்பந்தின் வாகையர் பட்டியலைப் பெரிய அமைப்பின் வழியே தேடுகிறவருக்கு வரிசை 1982இல் தொடங்கும். இமாகுலாட்டாவின் மூன்று ஆண்டுகளும் டெல்டா ஸ்டேட்டின் மூன்று ஆண்டுகளும் அதற்கு முந்தியவை. அவற்றை எழுதிவைத்திருந்த சங்கமே இல்லாமற்போனதால், அவை ‘முன்பு நடந்தவை’ என்ற ஓரத்துக்குப் போய்விட்டன.

இன்னொரு காரணம் எதிர்பாராத பக்கத்திலிருந்து வருகிறது. 1972 ஜூன் 23 அன்று அமெரிக்காவில் ஒரு சட்டம் கையெழுத்தானது. அரசு நிதி பெறும் எந்தக் கல்வித் திட்டத்திலும் பாலின அடிப்படையில் பாகுபாடு காட்டக் கூடாது என்பது அதன் சாரம். ‘தலைப்பு ஒன்பது’ என்று அதைக் குறிப்பிடுகிறார்கள். சட்டத்தின் மூல வாசகத்தில் விளையாட்டு என்ற சொல்லே இல்லை. பின்னர் வந்த விதிகளே அதை விளையாட்டுக்கு விரித்தன. இமாகுலாட்டாவின் முதல் வாகை அந்த ஆண்டு மார்ச்சில், சட்டம் ஜூனில். சட்டம் வந்ததால் அந்த அணி உருவாகவில்லை. மாறாக, சட்டம் வந்த பிறகு பெரிய பல்கலைக்கழகங்கள் பெண்கள் அணிகளுக்கும் கூடமும் பயிற்றுநரும் உதவித்தொகையும் ஒதுக்கத் தொடங்கின. பிரஷ் விற்றுப் போட்டிக்குப் போன சிறு கல்லூரியால் அதற்கு ஈடுகொடுக்க முடியவில்லை. கேத்தி ரஷ் 1977இல் விலகினார். ஏழு பருவங்களில் 149 வெற்றி, 15 தோல்வி என்பது அவர் கணக்கு. இமாகுலாட்டா மெல்ல உதவித்தொகை இல்லாத சிறு கல்லூரிகளின் பிரிவுக்குப் போய்ச் சேர்ந்தது.

பல இலட்சம் பெண்களுக்கு ஆடுகளத்தைத் திறந்த சட்டம் அது. அதன் நன்மையில் எனக்கு ஐயமில்லை. ஆனாலும் அது நன்மை செய்த வழியில் சிலர் பின்னுக்குப் போனார்கள் என்பதையும் மாணவர்களுக்குச் சொல்லாமல் விடக் கூடாது. 1972இல் அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் அணிகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவற்றுக்குப் பெண்களே பயிற்றுநர். வேலைக்குச் சம்பளமும் மதிப்பும் கூடியபோது ஆண்கள் அதிகம் வந்தார்கள். பிற்காலத்தில் பெண் பயிற்றுநர்களின் பங்கு பாதிக்கும் கீழே போனது. நல்ல சட்டம், கெட்ட சட்டம் என்று இரண்டே பெட்டி வைத்திருக்கும் பத்தாம் வகுப்பு மாணவருக்கு இந்தச் செய்தி நல்ல சவால்.

அணி மறைந்தாலும் அதில் ஆடியவர்கள் மறையவில்லை. மேரியான் கிராஃபோர்ட், பின்னாளில் மேரியான் ஸ்டான்லி, ஓல்டு டொமினியன் பல்கலைக்கழக அணியை 1979, 1980, 1985 ஆகிய ஆண்டுகளில் தேசிய வாகைக்கு அழைத்துச்சென்றார். தெரசா ஷாங்க், பின்னாளில் தெரசா கிரென்ட்ஸ், 1972இல் ஏ.ஐ.ஏ.டபிள்யூ நடத்திய முதல் போட்டியை வென்ற அணியின் வீராங்கனை. அந்தச் சங்கம் 1982இல் நடத்திய கடைசிப் போட்டியை வென்றது ரட்கர்ஸ் பல்கலைக்கழகம். அதன் பயிற்றுநர் தெரசா. கேத்தி ரஷ் 2008இலும், 1972–74 அணி முழுவதும் 2014இலும் கூடைப்பந்துப் புகழ்க்கூடத்தில் சேர்க்கப்பட்டனர். முதல் வெற்றிக்கும் அந்த அங்கீகாரத்துக்கும் இடையே 42 ஆண்டு.

வகுப்பில் செய்தவை

தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஏற்றது பெரன்சனின் விளையாட்டு. மைதானத்தில் சுண்ணாம்புத் தூளால் இரண்டு குறுக்குக் கோடுகள் போடுங்கள். இரு முனைகளிலும் பெஞ்சின் மேல் ஒரு வாளி. அணிக்கு ஒன்பது பேர், பகுதிக்கு மூவர். பறிக்கக் கூடாது; மூன்று நொடி; மூன்று தட்டு. பத்து நிமிடம் ஆடவிட்டு, கோடுகளை அழித்துவிட்டு மீண்டும் பத்து நிமிடம் ஆடவிடுங்கள். எது பிடித்தது, ஏன் என்று கேளுங்கள். கோடு இருந்தபோதுதான் எனக்குப் பந்து வந்தது என்று சொல்லும் குழந்தை நிச்சயம் இருக்கும். ஓட்டத்தில் பின்தங்கும் குழந்தைக்கு அந்தக் கோடுகள் பாதுகாப்பு. வேகமாக ஓடும் குழந்தைக்கு அவை சிறை. நான்காம் வகுப்புப் பிள்ளைகளே இதைத் தங்கள் சொற்களில் சொல்லிவிடுகிறார்கள். சக்கர நாற்காலியில் வரும் குழந்தையை இந்த விதியின்படி நடுப்பகுதியில் எளிதாகச் சேர்த்துக்கொள்ளலாம் என்பது எனக்குக் கூடுதலாகக் கிடைத்த பயன்.

உயர்நிலை வகுப்புகளுக்கு, மேலே சொன்ன எண் பயிற்சிக்குப் பிறகு நம் பள்ளிக்குத் திரும்புவேன். கேள்வி ஒன்றுதான்: நம் பள்ளியில் பெண்கள் அணி எப்போது இருந்தது, யார் ஆடினார்கள்?

தலைமையாசிரியர் அறை அலமாரியில் கோப்பைகளும் கேடயங்களும் இருக்கும். எங்கள் பள்ளியிலும் இருந்தன. பிள்ளைகள் தூசி தட்டி எழுத்தைப் படித்தார்கள். போட்டியின் பெயர், ஆண்டு, ‘கோ-கோ, மகளிர், இரண்டாமிடம்’. ஆடியவர்களின் பெயர் எதிலும் இல்லை. கேடயம் வழங்குகிறவரின் பெயர் மட்டும் பெரிய எழுத்தில் இருந்தது. இதை ஒரு மாணவிதான் சுட்டிக்காட்டினாள். அடுத்து விளையாட்டுப் பொருள்களின் இருப்புப் பதிவேடு. எந்த ஆண்டு வளையப்பந்து வளையம் வாங்கினார்கள், எந்த ஆண்டு எறிபந்து வலை ‘பயன்பாட்டுக்கு உரியதன்று’ என்று நீக்கப்பட்டது என்பதெல்லாம் அதில் இருந்தது. வலையை நீக்கிய பிறகு புது வலை வாங்கியதாகப் பதிவில்லை. எறிபந்து அணி எப்போது நின்றிருக்கும் என்று ஊகிக்க அது ஒரு தடயம். தடயம்தான், முடிவன்று, 70–38 கற்றுக்கொடுத்த எச்சரிக்கையை இங்கே பிள்ளைகளே நினைவூட்டுவார்கள்.

மூன்றாவது, மனிதர்கள். கேடயத்தில் உள்ள ஆண்டை வைத்துக் கணக்கிட்டால் அன்று ஆடியவர்களுக்கு இன்று என்ன வயது என்று தெரியும். அவர்கள் பெரும்பாலும் அதே ஊரிலோ பக்கத்து ஊரிலோ வாழ்க்கைப்பட்டு இருப்பார்கள். சிலர் நம் மாணவர்களின் பாட்டிகள். நேர்காணலுக்கு முன் கேள்விகளை வகுப்பில் எழுதிப் பழகுவது அவசியம். ‘நீங்கள் நன்றாக ஆடுவீர்களா?’ என்று கேட்டால் ‘ஏதோ ஆடினேன்பா’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். என்ன உடுத்தி ஆடினீர்கள், பந்தயத்துக்கு எதில் போனீர்கள், வீட்டில் யார் சம்மதித்தார்கள், எந்த வகுப்போடு நிறுத்தினீர்கள் என்று கேட்டால் பேச்சு வரும். தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு வெறுங்காலோடு கோ-கோ ஆடியதை ஒரு பாட்டி விவரித்தபோது, கம்பளி அங்கியை நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஏன் நிறுத்தினார்கள் என்ற கேள்விக்கு வரும் விடைகளைக் கவனமாகக் கையாள வேண்டும். வயதுக்கு வந்தது, திருமணம் பேசியது, அண்ணன் அடித்தது எல்லாம் வரும். சொன்னவர் வேண்டாமென்றால் எழுதக் கூடாது. பெயரை வெளியிட அவரிடம் கேட்டே எழுத வேண்டும். ஒரே ஆட்டத்தைப் பற்றி இருவர் இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டையும் எழுதி, யார் சொன்னது என்று குறித்துவைத்தால் போதும். எது சரி என்று பிள்ளைகள் தீர்ப்பு எழுத வேண்டியதில்லை.

உடற்கல்வி ஆசிரியரைத் தொடக்கத்திலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். அணி அனுப்பும்போது எழுதும் பெயர்ப்பட்டியலின் நகல் பல பள்ளிகளில் அவருடைய சொந்தக் கோப்பில்தான் இருக்கிறது. மாறுதலில் அவர் போனால் கோப்பும் போய்விடும். அணியின் பெயர்ப்பட்டியலை ஒவ்வோர் ஆண்டும் பிள்ளைகள் கையால் ஒரு குறிப்பேட்டில் எழுதிவைப்பது ஒரு பாடவேளை வேலைகூட இல்லை. பெயர், வகுப்பு, விளையாட்டு, போட்டி, எதிரணி, புள்ளி, சென்றுவந்த விதம் ஆகிய ஏழு கட்டங்கள் போதும். ஆடாமல் காத்திருப்பு வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களையும் எழுதச் சொல்கிறேன். இல்லினாய்ஸுக்குப் போக முடியாமல் ஊரில் நின்றவர்களைப் பற்றிக் கேட்ட ஒரு மாணவன்தான் இந்த யோசனையைத் தந்தான்.

மொத்தம் ஐந்து பாடவேளைகள் ஆகின்றன: விளையாட்டுக்கு ஒன்று, எண்களுக்கு ஒன்று, அலமாரிக்கும் பதிவேட்டுக்கும் ஒன்று, நேர்காணல் கேள்விகள் எழுத ஒன்று, தொகுத்து எழுத ஒன்று. நேர்காணல் மட்டும் விடுமுறை நாளில், வீட்டுப் பெரியவர் துணையோடு. எழுதி முடித்த குறிப்பேட்டைப் பள்ளி நூலகத்தில் கொடுத்து, நூலகப் பதிவேட்டில் எண் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எண் விழுந்துவிட்டால், அடுத்த முறை பழைய தாள்களைக் கழிக்கும்போது அந்தக் குறிப்பேட்டை யாரும் எடைக்குப் போட முடியாது.